பிள்ளை வெடித்துக் கத்தும்போது உள்ளே நடப்பது என்ன?



"டீச்சர், ஊட்டுல இவன் சத்தமே இல்ல. ஸ்கூலுக்கு வந்தா மட்டும் ஏன் இப்படிக் கத்துறான்?"

"டீச்சர், ஸ்கூல்ல தங்கம் எண்டு நீங்க சொல்றீங்க. ஊட்டுக்கு வந்து சப்பாத்தக் கழட்டினா அழுகையும் உதையும்தான். எங்களுக்குத்தான் புள்ள வளர்க்கத் தெரியாதா?"

கண்டியில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எங்களிடம் தவணைக்கு ஒரு தடவையாவது இந்த இரண்டு கேள்விகளும் வரும். கேட்கும் உம்மாமார் சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்பார்கள். முதலாவது உம்மாவுக்குப் பாடசாலையில் மகனுக்கு யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று பயம். இரண்டாவது உம்மாவுக்குத் தன்னிலேயே குறை என்று வெட்கம். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது பிள்ளையின் நரம்புத் தொகுதி. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி நேரம் போதாமல் போவதால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊர்களில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: குழப்படி. இடைவேளை மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போகும் பிள்ளை குழப்படி. கழுத்தில் சட்டையின் லேபல் உரசுகிறது என்று சட்டையைக் கழற்றி எறியும் பிள்ளை குழப்படி. யாரோ தற்செயலாக முதுகில் தட்டியதற்குத் திரும்பி அறையும் பிள்ளையும் குழப்படி. ஒரே பெயரை வைத்துவிட்டதால் ஒரே மருந்தையும் வைத்திருக்கிறோம்: ஏச்சு, அடி, வெளியே நிற்க வைத்தல். ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் அது தரம் 1 இலிருந்து சாதாரண தரம் வரை கூடவே போகிறது. ஆகவே பெயர் வைக்க முன்னர் உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

நம் உடலில் நாம் கட்டளையிடாமலேயே வேலை செய்யும் ஒரு நரம்புத் தொகுதி இருக்கிறது. மேல் வகுப்பு விஞ்ஞானத்தில் அதைத் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்று படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு கிளைகள். பரிவு நரம்புகள் உடலை ஆபத்துக்குத் தயார்படுத்தும். பரபரிவு நரம்புகள் உடலைத் திரும்ப அமைதிக்குக் கொண்டுவரும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு தொடுகை வந்தால் மூளையின் உட்பகுதியில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி "இது ஆபத்தா?" என்று பார்க்கிறது. நாம் யோசித்து முடிவெடுக்க முன்னரே அது பார்த்து முடித்துவிடும். ஆபத்து என்று பட்டால் பரிவு நரம்புகள் தட்டி எழுப்பப்படும். அதிரினலின் இரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், கை கால் தசைகள் இறுகும், சமிபாடு மெதுவாகும். அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்டர் கேனன் 1915 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார்: உடல் சண்டையிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகிறது. அப்படியே உறைந்துபோய் நிற்பதும் இதன் இன்னொரு வடிவம்.

இதை மனதில் வைத்து வகுப்பைப் பாருங்கள். அடிக்கும் பிள்ளை சண்டைக்குத் தயாரான உடல். கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளை தப்பியோடும் உடல். எத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதிலில்லாமல் வெறித்துப் பார்க்கும் பிள்ளை உறைந்த உடல். மூன்றாவது பிள்ளை சத்தம் போடாததால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் மூவருக்கும் உள்ளே அடிக்கும் மணி ஒன்றுதான்.

"அந்த நேரத்தில் ஏன் சொன்னால் கேட்கிறார்கள் இல்லை?" என்பது அடுத்த கேள்வி. கேட்டு, யோசித்து, தன்னைத் தானே அடக்குவது மூளையின் முன்நெற்றிப் பகுதியின் வேலை. மனிதனின் மூளையில் கடைசியாக முதிர்ச்சியடையும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இருபது வயதைத் தாண்டியும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் கட்டி முடியாத வீடு. அதிலும் உடல் பதற்றத்தில் இருக்கும்போது பெரியவர்களுக்கே அந்தப் பகுதி சரியாக வேலை செய்வதில்லை. பேராதனை வீதி நெரிசலில் பின்னாலிருந்து விடாமல் ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸுக்கு ஓர் ஐம்பது வயது மனிதர் கண்ணாடியை இறக்கி என்ன சொல்கிறார் என்று நமக்குத் தெரியும். அவருக்கு முடியாததை ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதிரினலின் சில வினாடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். பின்னால் வரும் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் எடுக்கும். அழுகை நின்றவுடன் "சரி, இப்ப சொல்லு, ஏன் அப்படிச் செஞ்சாய்?" என்று விசாரணை வைத்தால் திரும்பவும் வெடிப்பது இதனால்தான். முகம் அமைதியாகிவிட்டது, உடல் இன்னும் அமைதியாகவில்லை.

இனி புலன்களுக்கு வருவோம். ஒரே சத்தம் எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்பதில்லை. காது சரியாகத்தான் இருக்கும். காதிலிருந்து வருவதை மூளை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். சில பிள்ளைகளுக்கு மின்விசிறியின் ஓசையே ஒரு தொல்லை. சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக எவ்வளவு அசைந்தாலும், குதித்தாலும், மோதினாலும் போதாது. கதிரையில் ஒரு நிமிடம் இருக்க முடியாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். பார்த்தல், கேட்டல், மணத்தல், சுவைத்தல், தொடுதல் என்ற ஐந்தோடு இன்னும் மூன்றைச் சேர்த்துச் சொல்வார்கள்: உடலின் சமநிலை, தசைகளும் மூட்டுகளும் எங்கே இருக்கின்றன என்ற உணர்வு, பசி, தாகம், சிறுநீர் போன்ற உள்ளுணர்வு. பசியைப் பசியென்று அடையாளம் காண முடியாமல் அதை ஆத்திரமாகக் காட்டும் பிள்ளைகளை ஆரம்ப வகுப்பில் படிப்பிக்கும் எவரும் கண்டிருப்பார்கள்.

இந்தத் துறையில் முன்னோடியாக வேலை செய்தவர் ஜீன் எயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர். 1972 இல் புலன்களையும் கற்றல் சிரமங்களையும் தொடர்புபடுத்தி ஒரு நூல் எழுதினார். அதற்கு வெகு முன்னரே, 1943 இல், லியோ கானர் என்ற வைத்தியர் ஓட்டிசம் பற்றிய தனது முதல் கட்டுரையில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, உரத்த சத்தங்களுக்கு அவர்களில் பலர் நடுங்கியதைக் குறிப்பிட்டிருந்தார். ஆனாலும் புலன்களின் அதிக உணர்திறனும் குறைந்த உணர்திறனும் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் சேர்க்கப்பட்டது 2013 இல்தான். உம்மாமார் வருடக்கணக்காகச் சொன்னதைப் புத்தகம் ஏற்றுக்கொள்ள எழுபது வருடங்கள் எடுத்திருக்கின்றன.

இதை வாசித்துவிட்டுக் காதைப் பொத்தும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டிசம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஓட்டிசம் இல்லாத, மிகச் சாதாரணமாக வளரும் பிள்ளைகளிலும் கூர்மையான புலன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நோயின் பெயரைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. பிள்ளையைக் கவனித்துப் பார்ப்பது எங்கள் வேலையும் உங்கள் வேலையும்.

கண்டியில் இருப்பவர்களுக்கு ஓர் உதாரணம். நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் மழை பிடித்துக்கொண்டால் மகாவலி நிறைந்து வரும். பொல்கொல்லவில் வான்கதவைத் திறப்பார்கள். அன்றைக்குப் பொல்கொல்லவில் ஒரு துளி மழையும் பெய்திருக்காது. வெயில்கூட அடிக்கலாம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பாலத்தில் நின்று பார்த்தால் "மழையே இல்லை, ஏன் இவ்வளவு தண்ணீர்?" என்றுதான் கேட்பார். மேலே பெய்த மழை அவருக்குத் தெரியாது.

பாடசாலையில் தங்கமாக இருந்து வீட்டில் வெடிக்கும் பிள்ளை இப்படித்தான். மேலே என்ன மழை பெய்தது என்று பார்ப்போம். அக்குறணையிலிருந்தோ மடவளையிலிருந்தோ கண்டி நகருக்குப் படிக்க வரும் பிள்ளை ஐந்து மணிக்கு எழும்புகிறது. அரைத் தூக்கத்தில் ஸ்கூல் வேன். வேனில் இருபது பிள்ளைகள், உரத்த பாட்டு, கட்டுகஸ்தோட்டையில் நெரிசல், டீசல் புகை. 7.30 க்கு மணி. ஆறு மணித்தியாலம் சத்தம். திரும்பவும் அதே வேன். பகல் சோற்றைப் பாதி சாப்பிட்டதும் மத்ரஸா. அதன் பிறகு டியூஷன். புலமைப்பரிசில் வகுப்பென்றால் கேட்கவே வேண்டாம். இரவு வீட்டுப் பாடம் முடிந்து படுக்கப் பத்து மணி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழு. நாள் முழுக்கக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த பிள்ளை, பயமில்லாத இடத்துக்கு, அதாவது உம்மாவிடம் வந்ததும் கதவு திறந்துகொள்கிறது. "தண்ணிக் கோப்பை நீலம் இல்லை, சிவப்பு" என்பதுதான் அன்றைய கடைசித் துளி. கோப்பைக்காகப் பிள்ளை அழவில்லை. இரண்டாவது உம்மாவுக்கு எங்கள் பதில் இதுதான்: உங்களிடம் வெடிப்பது உங்களுக்கு வளர்க்கத் தெரியாததால் இல்லை. உங்களிடம்தான் பிள்ளைக்குப் பயமில்லை.

முதலாவது உம்மாவின் மகனுக்கு மழை பெய்யும் இடம் எங்கள் மண்டபம். மலைநாட்டில் எத்தனையோ பாடசாலைகளில் ஒரே நீண்ட மண்டபத்தில் மூன்று நான்கு வகுப்புகள் நடக்கின்றன. இடையில் இடுப்பளவுச் சுவர் அல்லது ஒரு பலகைத் தட்டி. ஒரு பக்கம் தரம் 2 வாய்ப்பாடு சொல்லும், நடுவில் தரம் 3 க்குச் சிங்களப் பாடம், அந்தப் பக்கம் தரம் 4 க்கு ஆசிரியர் வரவில்லை. மழை வந்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரலும் கேட்காது. பாடம் நடக்கும் வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இல் பரிந்துரைத்தது. ஒருவர் இன்னொருவரோடு சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல். நான்கு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் குரலை உயர்த்திப் படிப்பிக்கும் மண்டபத்தைக் கணக்குப் பார்க்கக் கருவி தேவையில்லை. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளுக்குச் சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது கடினம். கூர்மையான புலன் உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு பாரம்.

எசல பெரஹராக் காலத்தில் இதை நகரமே காணலாம். பத்து இரவுகள். முன்னால் கசையடிப்பவர்கள் வெடிச்சத்தத்தோடு வருவார்கள். பெரஹரா வருகிறது என்று அறிவிப்பதுதான் அந்தச் சத்தத்தின் நோக்கமே. பின்னால் தீப்பந்தம், மேளம், யானைகள். வீதியோரத்தில் மணித்தியாலக் கணக்காகக் காத்திருக்கும் சனத்துக்குள் ஒரு பிள்ளை அப்பாவின் தோளில் கைதட்டும். அதே வயதுப் பிள்ளை இன்னொருவரின் சாரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழும். இரண்டும் நல்ல பிள்ளைகள். ஒன்றுக்குக் கொண்டாட்டமாகக் கேட்பது மற்றதற்கு ஆபத்தாகக் கேட்கிறது. அழும் பிள்ளையை "யானையிடம் கொடுத்துவிடுவேன்" என்று வெருட்டுபவர்களையும் அங்கே காணலாம். ஏற்கனவே அடிக்கும் மணியை இன்னும் உரத்து அடிக்க வைப்பதுதான் அது.

பிறவியில் கூர்மையான புலன் இல்லாத பிள்ளைக்கும் இந்த மணி இளகிப்போகலாம். நம் மாவட்டத்துக்கு அது புதிதில்லை. 2018 மார்ச் 4, 5 ஆம் திகதிகளில் திகன, தெல்தெனிய பகுதியில் தொடங்கிய வன்முறை அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பரவியது. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல், கட்டிலுக்கடியில் படுத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது மலை சரிந்து கண்டி மாவட்டத்தில் உயிர்களும் வீடுகளும் போயின. அந்த இரவுகளைக் கண்ட பிள்ளையின் அமிக்டலா ஒரு பாடத்தைப் படித்துவிட்டது: பட்டாசுச் சத்தம் என்றால் ஆபத்து, கூரையில் விடாமல் மழை பெய்தால் ஆபத்து. மழை நாளில் வகுப்பில் காரணமில்லாமல் அழும் பிள்ளையிடம் "மழைதானே, இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று யாராவது கேட்கும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மேலே இருந்த மலை எங்கே போனது என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்படியென்றால் பிள்ளை என்ன செய்தாலும் விட்டுவிடவா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும், நியாயமானதும்தான். அடம் வேறு, நிரம்பி வழிவது வேறு. கடையில் விளையாட்டுச் சாமான் கேட்டு அழும் பிள்ளை இடையிடையே உங்கள் முகத்தைப் பார்க்கும். கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். பார்க்க ஆளில்லாவிட்டால் அடங்கிவிடும். நிரம்பி வழியும் பிள்ளை யாரையும் பார்ப்பதில்லை. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. தன் தலையையே சுவரில் மோதக்கூடும். முடிந்ததும் களைத்துத் தூங்கிவிடும், சில நேரம் என்ன நடந்தது என்றும் சொல்லத் தெரியாது. ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிவதும் உண்டு. சிறு பிள்ளைகளின் அடத்தை ஆராய்ந்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆத்திரம் சீக்கிரம் உச்சத்துக்குப் போய்ச் சீக்கிரம் இறங்குகிறது, அதற்கடியில் இருக்கும் துயரம்தான் கடைசிவரை நிற்கிறது என்று கண்டார்கள். கத்தி முடித்த பிள்ளை கடைசியில் மடியைத் தேடி வருவது இதனால்தான்.

அடத்துக்கு எல்லை வேண்டும். "அடிக்கக் கூடாது" என்ற சட்டம் இரண்டு பிள்ளைக்கும் ஒன்றுதான். சட்டத்தைப் படிப்பிக்கும் நேரம்தான் வேறு. தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யாரும் நீச்சல் படிப்பிப்பதில்லை. முதலில் கரைக்கு எடுக்கிறோம்.

அடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபமும், பின்னர் 12/2016 ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் சொல்கின்றன. ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமையின் மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடல் சொல்வதைக் கேளுங்கள். ஆபத்து மணி அடிக்கும் உடலுக்கு அடி என்பது உண்மையான ஆபத்து. கத்திய பிள்ளை சில நேரம் அடி விழுந்ததும் அமைதியாகிவிடும். "பார்த்தீங்களா, ரெண்டு போட்டதும் அடங்கிட்டான்" என்பார்கள். பல நேரம் அது அடக்கம் இல்லை. சண்டையிலிருந்து உறைநிலைக்கு மாறிய உடல் அது. உள்ளே இதயம் இன்னும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

எங்களிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். தரம் 2 முடிவதற்குள் இரண்டு பாடசாலை மாறியிருந்தான். மத்ரஸாவிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாப்பா கட்டாரில். காலை எட்டு மணியிலிருந்து உம்மா போனைக் கையிலேயே வைத்திருப்பாராம், சமைக்கும்போதும்கூட. "மகனை வந்து கூட்டிட்டுப் போங்க" என்று எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. அடுத்த பாடசாலையும் வேண்டாம் என்றால் அவனுக்குப் படிப்பே இல்லை என்ற நிலை.

நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒரு கொப்பியில் இரண்டு வாரம் குறித்துக்கொண்டோம்: எத்தனை மணிக்கு வெடித்தான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, சாப்பிட்டிருந்தானா, மழையா. இரண்டு வாரத்தில் கொப்பி பேசத் தொடங்கியது. அநேகமானவை இடைவேளை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் ஒரேயடியாக மண்டபத்துக்குள் வரும் பத்து நிமிடத்தில். மற்றவை பக்கத்து வகுப்பு ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும்போது. அவனுடைய மேசையை நடுவிலிருந்து சுவர் மூலைக்கு மாற்றினோம். முதுகுக்குப் பின்னால் சுவர், யாரும் திடீரென்று தட்ட முடியாது. இடைவேளை முடிய ஐந்து நிமிடம் முன்னரே உள்ளே வந்து, கரும்பலகையைத் துடைக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். பக்கத்து வகுப்பு ஆசிரியையோடு பேசி வாய்ப்பாட்டை மர நிழலுக்கு அனுப்பினோம். முடியாமல் வரும்போது காட்ட ஒரு சிறிய பச்சை அட்டை. காட்டினால் எதுவும் கேட்காமல் நூலக மூலையில் போய் இருக்கலாம்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. இன்றும் மணி அடித்தால் காதைப் பொத்துகிறான். இன்றும் மாதத்தில் ஒரு நாள் பெரிதாக வெடிக்கிறான். ஆனால் இப்போது தரம் 4. கணக்கில் வகுப்பில் முதல் ஐவருக்குள் வருகிறான். அவனுடைய உம்மா போனை இப்போது அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுச் சமைக்கிறாராம்.

வெடிக்கும் நேரத்தில் நாம் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் முக்கியம். முதலில் நம் உடல். பிள்ளை தன்னைத் தானே அமைதிப்படுத்தும் திறனை அமைதியான ஒரு பெரியவரின் உடலிலிருந்துதான் படிக்கிறது. நம் குரல் உயர்ந்தால் அதன் மணிக்கு இன்னொரு காரணம் கிடைக்கிறது. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் போகாவிட்டால் படுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நாம் அறிவோம். கோபத்தை முதலில் உடலில் இறக்கும் வழி அது. பிள்ளையின் உயரத்துக்கு உட்காருங்கள். ஒரு கை தூரம் விடுங்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சனத்தையும் குறையுங்கள். பேச்சைக் குறையுங்கள்: "உம்மா இங்கதான் ஈக்கிறேன்" போதும். தொடுவதை விரும்பும் பிள்ளையை இறுக அணையுங்கள், விரும்பாத பிள்ளையைத் தொடவே வேண்டாம். மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறைகிறது. ஆனால் கத்தும் பிள்ளையிடம் "மூச்சு விடு" என்று கட்டளையிட்டால் பலிக்காது. நாம் பக்கத்தில் இருந்து விடுவோம், அது கேட்கட்டும். ஊதுபந்து ஊதுவதையும் சுடுதேநீரை ஊதி ஆற்றுவதையும் அமைதியான நாட்களில் விளையாட்டாகப் பழக்கிவைத்தால், தேவையான நாளில் உதவும்.

அமைதியான பிறகு, அரை மணித்தியாலமாவது கழித்து, தண்ணீரும் ஏதாவது சாப்பாடும் கொடுத்த பிறகு பேசுங்கள். "ஏன்?" என்று கேட்காமல் "அந்த நேரம் உடம்புல எங்க மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "நெஞ்சு டக் டக்னு அடிச்சது" என்று ஒரு பிள்ளை சொல்லத் தெரிந்துகொண்டால், அடுத்த தடவை அது வெடிக்க முன்னர் வந்து சொல்லும். உடைத்ததைச் சேர்ந்து பொறுக்கச் சொல்லுங்கள். அடித்த நண்பனிடம் போய் மன்னிப்புக் கேட்க வையுங்கள். எல்லை என்று சொன்னோமே, அதற்கான நேரம் இதுதான்.

அடிக்கடி வெடித்தால், பேச்சு பின்தங்கினால், தன்னைத் தானே காயப்படுத்தினால், சாப்பாடும் தூக்கமும் குழம்பினால், காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ முதலில் சொல்லுங்கள். பேராதனையில் அரசாங்கச் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். காதில் சீழ் இருந்ததால் கத்திய பிள்ளைகளும் உண்டு. உங்களுக்கே தாங்க முடியாமல் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. அதோடு வைத்தியரிடமும் போங்கள். இது பைத்தியம் என்று ஊர் சொல்லும் என்ற பயத்தில் மூன்று நான்கு வருடம் தள்ளிப்போடுவதுதான் பிள்ளைக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

தொழுகையை நீட்ட நினைத்து நிற்கும்போது பின்னால் ஒரு குழந்தையின் அழுகை கேட்டால், அதன் தாய் படும் பாட்டை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அழுகையை நிறுத்தும்படி தாய்க்குச் சொல்லவில்லை, தான் செய்துகொண்டிருந்ததை மாற்றினார்கள். பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் வகுப்பிலும் மாற வேண்டியவர்கள் முதலில் பெரியவர்கள் என்பதற்கு நமக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

கடைசியாகப் பழைய மாணவர் சங்கங்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் நல்ல மனதோடு தருகிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் பாடசாலைகளுக்கு அடிக்கடி வருவது ஒலிபெருக்கியும், புதிய வாசல் வளைவும், இன்னும் உரத்து அடிக்கும் மின்சார மணியும்தான். அடுத்த முறை ஆரம்பப் பிரிவு மண்டபத்துக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு இரண்டு வகுப்புக்கு நடுவே கூரைவரை ஒரு சுவர் கட்டித் தாருங்கள். தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங் அடித்துத் தாருங்கள். பெயர்ப்பலகை வைக்க அதில் இடமிருக்காது. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை முதல் தடவையாக ஆசிரியையின் குரலை முழுதாகக் கேட்கும்.

உங்கள் பிள்ளைகளையும் எங்கள் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. தேவையான ஓர் உம்மாவுக்கு இது போய்ச் சேரும் என்று நினைத்தால் பகிர்ந்துவிடுங்கள்.